மிஷினுக்கு அபிஷேகம்

கிள்ளானில் என் கடைக்கு வருகிறவர்கள் வாசலில் கிடக்கும் தென்னைநார் மிதியடியைப் பார்த்துவிட்டு, "எந்தக் கப்பலில் வந்த சரக்கு?" என்று கேட்பார்கள். கப்பலாவது ஒன்றாவது! கூப்பிடு தூரத்தில், ஆற்றோரக் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், இராஜம்மாவின் பட்டறையில் செய்தது அது. சொன்னால் நம்ப மாட்டார்கள். உள்ளூர்ச் சரக்கு என்றாலே நம் ஆட்களுக்கு ஓர் இளக்காரம். அதுவும் ஒரு பெண்பிள்ளை நடத்துகிற பட்டறை, அதற்கு அரசாங்கம் மிஷின் கொடுத்தது என்றால், கதை விடுகிறேன் என்று சிரிக்கிறார்கள். சிரிக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிக்கட்டும்.

இராஜம்மா குளச்சல் பக்கத்துக்காரி. ஆள் குள்ளம், குரல் மட்டும் ஆற்றுக்கு அந்தக் கரை வரை போகும். ரப்பர் தோட்டத்தில் மரத்தைச் சீவிப் பால் எடுத்துக்கொண்டிருந்தவள். ரப்பர் விலை படுத்த படுக்கையாகிவிட்ட வருஷத்தில் தோட்டத்தில் ஆட்களைக் குறைத்தார்கள். அவள் புருஷன் ரெங்கசாமி, தென்னந்தோட்டங்களிலிருந்து கொப்பரை ஏற்றிவரும் மாட்டுவண்டிக்காரன். நாளொன்றுக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். மிச்சத்தையும் சேர்த்து மனைவிக்கே கொடுத்துவிட்டான் போலும். ஒருநாள் அவனோடு வண்டியில் போன இராஜம்மா, தென்னந்தோட்டத்தில் தேங்காய் மட்டைகளை மலையாகக் குவித்து எரிப்பதைப் பார்த்தாள். அவளுக்கு வயிறு பற்றிக்கொண்டு வந்தது. குளச்சலில் மட்டை என்றால் காசு. வண்டி நிறைய அள்ளிப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

அன்றைக்கு ஆரம்பித்தது எங்களுக்குச் சனியன். மட்டையை ஆற்றுச் சேற்றில் புதைத்து ஊறவைக்க வேண்டும். அது ஊறி வருகிற வாடை இருக்கிறதே, அதை நான் எழுத மாட்டேன். சாப்பிட்டுவிட்டுப் படிக்கிறவர்களும் இருப்பார்கள். கம்பத்து மலாய்க்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். நான் நேரிலேயே போய்ச் சண்டை போட்டேன்.

"ஏன் புள்ள, ஊரையே நாறடிக்கிறியே, இது நியாயமா?"

"வேலாயுத அண்ணே, மூக்கப் பொத்திக்கிட்டு இந்த மிதியடிய எடுத்துட்டுப் போங்க. கடை வாசல்ல போடுங்க. ஒரு வாரம் கழிச்சு வந்து திட்டுங்க" என்றாள்.

ஒரு வாரத்துக்குள் அதை வாங்க ஆள் வந்துவிட்டது. பிறகு எனக்கு அந்த வாடை அவ்வளவாகத் தெரியவில்லை. வியாபாரியின் மூக்கு அப்படித்தான்.

வாங்க வந்தவர் சிவசம்பு. கோலாலம்பூரில் அரசாங்க ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா; யாழ்ப்பாணத்துக்காரர்; பிரிக்பீல்ட்ஸில் வீடு. வேலையாக ரயிலில் கிள்ளானுக்கு வந்தவர் மிதியடியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இது ஆர் செய்தது? எங்கட தும்பு மாதிரியே இருக்கு."

தென்னைநாரைத்தான் அவர் ஊரில் தும்பு என்பார்கள். நான் பட்டறையைக் காட்டினேன். அப்போது பட்டறை என்பது நான்கு கழியும் ஓர் அத்தாப்பு ஓலைக் கூரையும்தான். பெண்கள் தரையில் உட்கார்ந்து, ஊறிய மட்டையைக் கட்டையால் அடித்து நசுக்கிக்கொண்டிருந்தார்கள். தோளே கழன்றுபோகிற வேலை. நாள் முழுக்க அடித்தாலும் சாயங்காலம் நார் கொஞ்சம்தான் தேறும். சிவசம்பு பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, உள்ளூரில் சாமான் செய்கிறவர்களுக்கு மிஷின் கொடுத்து உதவ ஒரு ஏற்பாடு தம் ஆபீஸிலேயே இருக்கிறது என்றார். மூன்று மாதம் சும்மா தருவார்கள். ஒழுங்காக ஓட்டினால் அது பட்டறைக்கே சொந்தம். மிஷின் தூங்கினால், திருப்பி எடுத்துப்போய் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

அரசாங்கம் எதையாவது சும்மா தருகிறது என்றால் நான் வீட்டுக் கதவைத் தாழ் போட்டுக்கொள்கிற ஆள். இராஜம்மாவிடமும் அதைத்தான் சொன்னேன். அவள் கேட்டால்தானே!

எப்படியோ மிஷின் வந்து இறங்கியது. மட்டையை உள்ளே தள்ளினால் இரண்டு இரும்பு உருளைகள் நசுக்கித் துப்பும். அதை ஓட்டுவதற்குப் பக்கத்தில் ஒரு மண்ணெண்ணெய் எஞ்சின். எஞ்சின் சக்கரத்துப் பள்ளத்தில் ஒரு கயிற்றைச் சுற்றி, ஒரே இழுப்பாக இழுத்தால் படபடவென்று கிளம்பிவிடும். முதல் நாள் அந்தச் சத்தத்தில் கம்பத்துக் கோழிகளெல்லாம் ஆற்றுப் பக்கம் ஓடின. நசுக்குகிற வேலை மிஷினுக்குப் போனதும், கயிறு திரிக்கவும் மிதியடி பின்னவும் இராஜம்மாவுக்கு இன்னும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். தோட்டங்களில் வேலை போன பெண்களாகப் பார்த்துச் சேர்த்தாள்.

அதில் ஒருத்தி வீரம்மா. ஜெஞ்சாரோம் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தவள். வேலை இல்லாதவர்களை அரசாங்கம் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலிருந்து இந்தியாவுக்கு இலவசமாகக் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம் அது. ஊருக்குப் போகிறவர்களில் சந்தோஷமாகப் போனவர்களும் உண்டு. வீரம்மாவுக்கு எந்த ஊர்? இங்கே பிறந்து இங்கே வளர்ந்தவள். அப்பா, அம்மா, கட்டியவன் எல்லோரையும் இந்த மண்ணில்தான் புதைத்திருக்கிறாள். அந்தக் கரையில் இறங்கினால் பேர் சொல்லிக் கூப்பிட ஒரு நாதி கிடையாது. கையில் ஒரு பெண் குழந்தை வேறு. வேலை இருக்கிறது என்று காட்டினால் கப்பலேற வேண்டாம். வேலை இராஜம்மாவிடம் இருந்தது. இராஜம்மாவின் வேலையோ அந்த மிஷினிடம் இருந்தது. மிஷின் போனால் பழையபடி கட்டை அடிதான். புதிதாகச் சேர்ந்த ஒருத்திக்கும் சோறு போட முடியாது.

வீரம்மா ஒரு தகரப் பெட்டியோடு வந்தாள். பட்டறை மூலையில் அதை வைத்து, தான் முதன்முதலாகத் திரித்த கயிற்றால் இறுக்கிக் கட்டிவைத்தாள்.

"ஏன்டி, பெட்டியப் பிரிச்சுத் துணிமணிய எடுத்து வைக்க மாட்டியா?" என்று இராஜம்மா கேட்பாள்.

"இருக்கட்டும் அக்கா. எப்பப் போகச் சொல்லுவாங்களோ" என்பாள் அவள். தினம் ஒரு சேலையைப் பெட்டியின் இடுக்கு வழியாக உருவி எடுத்துக்கொண்டு மறுபடி இறுக்குவாள். பார்க்க எனக்குக் கோபமாக வரும். யார் மேல் என்றுதான் தெரியாது.

மூன்று மாதம் முடிகிற நேரத்தில் சரஸ்வதி பூஜை வந்தது. இராஜம்மா ஒரு வாரம் முன்பே ஆட்டம் ஆரம்பித்துவிட்டாள். கையிருப்புச் சரக்கையெல்லாம் பாசாருக்கு, சந்தைக்கு, அனுப்பிப் பட்டறையைக் காலி செய்தாள். கழுவினாள், கோலம் போட்டாள். கட்டை, கத்தி, கயிறு திரிக்கிற ராட்டு, ரெங்கசாமியின் வண்டிச் சக்கரம் என்று ஒன்று விடாமல் சந்தனம் குங்குமம் வைத்தாள். கடைசியில் மிஷினுக்கு வந்தாள். அதற்குப் பொட்டு போதாது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

"நமக்குச் சோறு போடுற சாமி. சும்மா பொட்டு வெச்சா ஆச்சா?" என்றாள்.

அபிஷேகம் நடந்தது. மஞ்சள் தண்ணீர், பால், இளநீர், முடிவில் பன்னீர். எஞ்சின் தலையிலிருந்து குடம் குடமாக வழிந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். எஞ்சினைக் கிளப்புகிற கயிற்றையும் விடவில்லை. அதற்கும் நெய் தடவி, மஞ்சள் பூசிச் சாமி முன்னால் வைத்தாள். பிறகு மிஷினுக்குப் புதுத் துண்டு கட்டி, இரண்டு பக்கமும் வாழைக்கன்று நிறுத்தினோம். சும்மா சொல்லக் கூடாது, பார்க்க ஜோராகத்தான் இருந்தது.

சுண்டல் வாழையிலையில் விழுந்துகொண்டிருந்தபோது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. தொழில் உதவி ஆபீஸ் துரை இறங்கினார். பின்னால் சிவசம்பு, முகம் வெளிறிப்போய். முன்கூட்டிச் சொல்லாமல் வந்து பார்ப்பதுதான் அந்தத் துரையின் வழக்கமாம். வந்த நாளைப் பாருங்கள்!

துரை உள்ளே நுழைந்தார். புதுச்சேலை கட்டிய பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுகிறார்கள். அரசாங்க மிஷின் இடுப்பில் துண்டோடு, நெற்றியில் குங்குமத்தோடு நிற்கிறது. அவருக்கு மூக்கு சிவந்துவிட்டது.

"கெர்ஜா மானா?" என்று மலாயில் கத்தினார். வேலை எங்கே என்கிறார்.

இராஜம்மா எழுந்து கும்பிட்டாள். "துவான், ஹாரி இனி தா போலே" என்றாள். ஐயா, இன்றைக்கு ஆகாது என்கிறாள். அவளுடைய மலாய் அவ்வளவுதான், ஆனால் அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

உடனே எஞ்சினை ஓட்டிக் காட்ட வேண்டும், இல்லையென்றால் மிஷின் இன்றைக்கே திரும்பிப் போகும் என்றார் துரை. சிவசம்பு அதைத் தமிழில் சொன்னார். சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது.

நான் இராஜம்மாவின் காதோரம் போனேன். "புள்ள, ஒரே ஒரு இழுப்பு இழுத்து ஓட்டிக் காட்டிடு. சாமி கோவிச்சுக்காது."

"பூஜையில வெச்ச ஆயுதத்தத் தொடச் சொல்றீங்களா? நீங்க இன்னைக்குத் தராசத் தொட்டீங்களா அண்ணே?"

தொடவில்லை. கடையையே திறக்கவில்லை.

துரை சிவசம்புவிடம் திரும்பி, மிஷினைத் திரும்ப எடுக்கும் உத்தரவை உடனே எழுதச் சொன்னார். சிவசம்பு சட்டைப் பையைத் தடவினார். பை காலி. நெளிந்துகொண்டே இங்கிலீஷில் ஏதோ சொன்னார். பிறகு எங்களிடமும் மெதுவாகச் சொன்னார்:

"என்ர பேனையைச் சரஸ்வதிக்கு முன்னால வைச்சிட்டு வந்திட்டன். நாளைக்குத்தான் எடுக்கலாம். இண்டைக்கு ஒரு எழுத்தும் எழுதக் கூடாது."

காலையிலிருந்து மனுஷர் ஆபீஸில் ஓர் எழுத்தும் எழுதாமலே சமாளித்திருக்கிறார். கடிதங்களை அடுக்குவார், கலைப்பார், மறுபடி அடுக்குவார். துரை அன்றைக்கெல்லாம் இவரை ரொம்பச் சுறுசுறுப்பான ஆள் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தாராம்!

துரை பல்லைக் கடித்துக்கொண்டு, உத்தரவு பிறகு இருக்கட்டும், லோரியைக் கொண்டு வா என்று தம் கார் டிரைவரை மராமத்து இலாகாவின் லோரிக் கொட்டகைக்கு அனுப்பினார். கார் போன கையோடு திரும்பி வந்தது. டிரைவர் ஒரு மலாய்க்காரர். சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் சொன்னதிலிருந்து எங்களுக்கும் விஷயம் புரிந்தது. கொட்டகையில் லோரிகளெல்லாம் குளித்து மாலை போட்டு நிற்கின்றன. ரோடு போடுகிற ஸ்டீம் ரோலருக்குக் கூடப் பெரிய சாமந்தி மாலை. லோரி ஓட்டுகிற பாலன், நாளை விடியற்காலையில் கட்டாயம் கொண்டுவருகிறேன், இன்றைக்குத் துரையே வந்து கேட்டாலும் முடியாது என்று சொல்லி, அவர் கையில் ஒரு பொட்டலம் பொரிகடலையும் கொடுத்தனுப்பியிருக்கிறான்.

துரை பொட்டலத்தைப் பார்த்தார். சிவசம்புவின் காலிப் பையைப் பார்த்தார். மிஷினின் துண்டைப் பார்த்தார். திடீரென்று சிரித்துவிட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இராஜம்மா அந்த நேரம் பார்த்து அவர் கையில் ஒரு வாழையிலைச் சுண்டலைத் திணித்தாள். நின்றபடியே தின்றார்.

ஆனால் துரை துரைதான். வாயைத் துடைத்துக்கொண்டு, நாளைக் காலையில் வருவேன், லோரியும் வரும் என்றார். நான் வரும்போது மிஷின் ஓடிக்கொண்டிருந்தால் அது உங்களுக்கே. ஓடவில்லையென்றால் லோரியில் ஏறும், பேச்சே கிடையாது.

"எசோ போலே, துவான்!" என்று கும்பிட்டாள் இராஜம்மா. நாளைக்கு ஆகும். விஜயதசமி அல்லவா? தொழில் தொடங்க அதைவிட நல்ல நாள் ஏது? எல்லோரும் நிம்மதியாகக் கலைந்தோம். வீரம்மா கூட அன்றைக்கு இரண்டாம் தடவை சுண்டல் கேட்டு வாங்கித் தின்றாள்.

மறுநாள் பொழுது விடிந்ததும் கற்பூரம் காட்டி, துண்டை அவிழ்த்து, ரெங்கசாமி கயிற்றைச் சுற்றி இழுத்தான். எஞ்சின் ஒரு தடவை இருமியது. அவ்வளவுதான். மறுபடி இழுத்தான். இருமலும் இல்லை. நான் இழுத்தேன். என் தோள்பட்டை பிசகியதுதான் மிச்சம். பெண்களில் பலசாலிகள் இழுத்தார்கள். எஞ்சின், கோபித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்த மாப்பிள்ளையாக அசையாமல் நின்றது.

இந்தக் களேபரத்தில் லோரி வந்து நின்றது. பாலன் இறங்கினான். மெலிந்த ஆள், வாய் நிறைய வெற்றிலை.

"எதை ஏத்தணும்?" என்றான்.

இராஜம்மா மிஷினுக்கு முன்னால் கையை விரித்து நின்றுவிட்டாள். "அண்ணே, ஏத்தறத அப்புறம் பாக்கலாம். இது ஏன் கெளம்ப மாட்டேங்குதுன்னு பாருங்களேன். உங்க லோரியும் எஞ்சின்தானே!"

"நல்லா இருக்கே! நான் இதத் தூக்கிட்டுப் போக வந்தவன்" என்றான் பாலன். சொல்லிக்கொண்டே எஞ்சினை மோந்து பார்த்தான். "என்னா இது, பால் வாடை வருது?"

இராஜம்மா பெருமையாக அபிஷேகத்தை விவரித்தாள். பாலன் தலையில் கையை வைத்துக்கொண்டான்.

"அக்கா, சாமிக்கு ஊத்தலாம், கல்லு தாங்கும். இதுக்குள்ள நெருப்புப் பொறி பறக்கணும். நீங்க குடம் குடமா ஊத்தியிருக்கீங்க! பொட்டோட விடக் கூடாதா?"

"உங்க லோரிய நீங்க குளிப்பாட்டலையா?"

"வெளிய குளிப்பாட்டினேன் லா! உள்ள இல்ல!"

இராஜம்மா அவிழ்த்துப் போட்ட துண்டை எடுத்து எஞ்சினை அவசரமாகத் துடைத்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது. வீரம்மா போய்க் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். பாலன் அந்தப் பெட்டியைப் பார்த்தான். கட்டிய கயிற்றையும் பார்த்தான். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெட்டிகளைத் துறைமுகத்துக்கு ஏற்றிக்கொண்டு போனவனும் அவன்தானே. வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சட்டையைக் கழற்றினான்.

"அடுப்பப் பத்த வைங்க" என்றான்.

எஞ்சினில் பொறி வருகிற பிளக்கைக் கழற்றினான். உள்ளே இளநீரும் பாலும் சேர்ந்து பாயசமாக இருந்தது. பாகம் பாகமாகப் பிரித்துத் துடைத்தான். பெண்கள் சேலைத் தலைப்பால் துடைத்தார்கள். எதையெல்லாம் காயவைக்கலாம் என்றானோ அதையெல்லாம் அடுப்பு அனலில் தோசைக்கல்லில் வைத்துப் புரட்டினோம். திரும்ப மாட்டிக் கயிற்றைச் சுற்றி இழுத்தான். எஞ்சின் பலமாக இரண்டு தடவை இருமியது. எல்லோரும் கூச்சல் போட்டோம். மறுபடி இழுத்தான். நெய்யில் ஊறிய பழங்கயிறு பட்டென்று அறுந்து அவன் கையோடு வந்தது.

"வேற கயிறு!" என்று கத்தினான்.

கயிற்றுப் பட்டறையில் கயிறு இல்லை! மெல்லிய கயிறெல்லாம் பாசாருக்குப் போய்விட்டது. இருந்தது படகு கட்டுகிற தடிக்கயிறு. சக்கரத்துப் பள்ளத்தில் உட்கார மறுத்தது. புதிதாகத் திரிக்கலாம் என்று ஒருத்தி நாரை அள்ளினாள். அதற்குள் ஆற்றுப் பாலத்தடியில் துரையின் கார் ஹாரன் கேட்டது.

வீரம்மா குழந்தையைக் கீழே இறக்கினாள். பெட்டியின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். கயிற்றை உருவிக்கொண்டு ஓடிவந்து பாலனிடம் நீட்டினாள்.

"இது தாங்குமா புள்ள?" என்று கேட்டான் அவன்.

"நான் திரிச்சது" என்றாள்.

பாலன் சுற்றினான். காலை ஊன்றி இழுத்தான். எஞ்சின் படபடவென்று வெடித்துக் கிளம்பியது. முதலில் வந்த புகையில் பன்னீர் வாசனை அடித்தது என்று இன்றும் சத்தியம் செய்கிறேன். கோழிகள் ஆற்றுப் பக்கம் ஓடின. இராஜம்மா மட்டையை அள்ளி உருளைக்குள் தள்ளினாள். அழுதுகொண்டே தள்ளினாள், நடுவில் சிரிப்பும் வந்தது.

துரை உள்ளே வந்தபோது பேச்சுக் குரல் எடுபடாத சத்தம். சிவசம்பு காதுவரை சிரிப்போடு சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார், பேனா வந்துவிட்டது. துரை மிஷினைச் சுற்றி வந்தார். சட்டையில்லாமல் கரியும் எண்ணெயுமாக நின்ற அரசாங்க லோரி டிரைவரையும் பார்த்தார். ஏற்ற வந்தவன் ஏன் இந்தக் கோலத்தில் நிற்கிறான் என்று அவர் கேட்கவில்லை. எழுது என்று சிவசம்புவுக்குச் சைகை காட்டினார். அந்தப் பேனா பூஜையிலிருந்து எழுந்து எழுதிய முதல் எழுத்து, மிஷின் இராஜம்மா பட்டறைக்கே என்பதுதான். போகும்போது துரை ஒரு கட்டளை போட்டார்: அடுத்த வருஷம் பாலும் இளநீரும் ஆட்களுக்கு, மிஷினுக்குப் பொட்டு மட்டும்.

இராஜம்மா அதை அப்படியே கேட்டுவிடுவாளா? இப்போது ஒவ்வொரு வருஷமும் எஞ்சினுக்கு முன்னால் ஒரு முழுத் தேங்காயை வைத்து அதற்கு அபிஷேகம் செய்கிறாள். எஞ்சினுக்குக் குடை பிடிக்க ரெங்கசாமி நிற்கிறான். ஒரு சொட்டு தெறித்தாலும் பாலன் எங்கிருந்தோ சத்தம் போடுவான். பூஜைக்கு அவன் தவறாமல் வந்துவிடுகிறான்.

மிஷின் சொந்தமான அன்றைக்குச் சாயங்காலம் வேலை முடிந்து எஞ்சினை நிறுத்தியதும், மறுபடி எட்டிப்பார்க்க வந்த பாலன் கயிற்றைச் சுருட்டி வீரம்மாவிடம் திருப்பிக் கொடுத்தான்.

"இந்தா புள்ள, உன் பெட்டிக் கயிறு."

வீரம்மா வாங்கவில்லை.

"நாளைக்கும் கெளப்பணும்ல? அங்கேயே மாட்டி வைங்க" என்றாள்.

பிறகு மூலைக்குப் போனாள். பெட்டியைத் திறந்து, சேலைகளை ஒவ்வொன்றாக உதறி எடுத்துக் கொடியில் போட்டாள்.